கேம்பல் பேயில் மூன்று நாளாக நிற்காத சின்னச் சின்ன நிலநடுக்கங்கள்: இதற்கு என்ன அர்த்தம்?

தேனிக்காரி_தீவில் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கிரேட் நிக்கோபாரில் கேம்பல் பேயில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. சொந்த ஊர் தேனிப் பக்கம். மலையைப் பார்த்து வளர்ந்தவள், கடலும் புதிது, நிலநடுக்கமும் புதிது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. கொஞ்ச நேரம் கழித்துக் கட்டில் பக்கவாட்டில் லேசாக ஆடியது. போனில் பார்த்தால் நிக்கோபாருக்குக் கிழக்கே கடலில் 4.7 என்று போட்டிருந்தது. விடிவதற்குள் அதே இடத்தில் இன்னும் ஒன்பது. இன்றோடு மூன்று நாள், எண்ணுவதை விட்டுவிட்டேன். எல்லாமே 4-க்கு மேல், 5-க்குக் கீழே. ஆழம் மட்டும் எல்லாவற்றுக்கும் 10 கிலோமீட்டர் என்றே வருகிறது. அது எப்படி?

வாட்ஸ்அப்பில் ஒருவர் பாரன் தீவு எரிமலை வெடிக்கப் போகிறது என்கிறார். இன்னொருவர் 2004 மாதிரி பெரிதாக ஒன்று வரத்தான் இந்த முன்னோட்டம் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, சின்னதாக வந்து தீர்ந்துவிட்டால் நல்லதுதானே என்கிறார். மூன்றில் எதை நம்புவது? எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் காலணியைக் கழற்றாமலே தூங்குகிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹட்பே_ராஜா பதில்:

அக்கா, நான் லிட்டில் அந்தமானில் ஹட்பேயில் பிறந்து வளர்ந்தவன். எங்களுக்கு இதெல்லாம் பழகிப்போனது. உங்கள் பக்கத்து வீட்டு அக்கா சொல்வது சரிதான். உள்ளே இருக்கிற அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகிறது. குக்கர் விசில் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தைரியமாகத் தூங்குங்கள், தம்பியையும் தூங்கச் சொல்லுங்கள்.

பழைய_பதிவுக்காரன் பதில்:

அம்மா, ராஜா தம்பி நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் குக்கர் கணக்கு தவறு. அதை முதலில் சரிசெய்துவிட்டு மற்றதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலநடுக்க அளவில் ஒரு எண் ஏறினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு ஏறும். 5-க்கும் 9-க்கும் நடுவே நாலு படி. 32-ஐ நாலு தடவை பெருக்கிப் பாருங்கள், பத்து லட்சத்தைத் தாண்டும். 2004 டிசம்பர் 26-இல் வந்தது 9.1. அப்படி ஒன்றின் அழுத்தத்தை 5 அளவுள்ள நடுக்கங்களால் தீர்க்க வேண்டுமென்றால் அவை லட்சக்கணக்கில் வரவேண்டும். ஆகவே சின்னது வந்து பெரியது தீர்ந்தது என்று யாரும் நிம்மதி அடைய முடியாது. சின்னது வருவதால் பெரியது வரப்போகிறது என்று பயப்படவும் இதில் ஆதாரம் இல்லை. இரண்டு பேச்சுமே ஒரே தவறுதான். இடம் எது, பிளவு எது என்று பார்க்காமல் பேசுவது.

நான் விஞ்ஞானி அல்ல. 2005 ஜனவரியில் போர்ட் பிளேர் பக்கம் அமைத்த ஒரு தற்காலிகப் பதிவு நிலையத்தில் உதவியாளனாக இருந்தேன். பேட்டரி சுமப்பதும், கருவி ஓடுகிறதா என்று பார்ப்பதும், வந்த அதிர்வுகளின் நேரத்தை நோட்டில் எழுதுவதும்தான் வேலை. முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. அடியில் சிமெண்டுப் பூச்சு, அதன் மேல் கருவி, மழை படாமல் கவிழ்த்துவைத்த பிளாஸ்டிக் வாளி. வாளியைத் தூக்கினால் செவ்வெறும்பு ஏறிக் கடிக்கும். எறும்பு நடந்தால்கூடக் கோடு நடுங்குகிறதோ என்று சந்தேகமாக இருக்கும், அவ்வளவு நுட்பமான கருவி.

அந்த நோட்டில் நான் எழுதிய எண்களில் முக்கியமானது ஒன்றுதான். நிலநடுக்கத்திலிருந்து இரண்டு அலை வரும். முதல் அலை வேகமானது, முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு வரும். உங்கள் டம்ளர்களைக் கிணுகிணுக்க வைத்தது அது. இரண்டாவது மெதுவானது, பக்கவாட்டில் ஆட்டும். கட்டிலை ஆட்டியது அது. இரண்டுக்கும் நடுவே எத்தனை விநாடி என்று எண்ணி, ஒரு விநாடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் என்று பெருக்கினால் நடுக்கம் எவ்வளவு தூரத்தில் பிறந்தது என்று தோராயமாகத் தெரிந்துவிடும்.

டிசம்பர் 26-க்குப் பின் வந்த பின்னதிர்வுகளில் இந்த இடைவெளி ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி இருக்கும். ஒன்று 12 விநாடி, அடுத்தது 70, அதற்கடுத்தது 25. காரணம், சுமத்ராவிலிருந்து வட அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டருக்குப் பிளந்திருந்தது. அந்தப் பிளவில் எங்கே வேண்டுமானாலும் அதிரும். அப்புறம் குடியரசு தினத்தை ஒட்டி நோட்டு மாறியது. இடைவெளி 50 விநாடி. அடுத்தது 51. அடுத்தது 50. ராத்திரி முழுக்க அதே எண். தவறாக எழுதுகிறேனோ என்று கூட இருந்தவரை எழுப்பிக் காட்டினேன். அவரும் பார்த்துவிட்டு, "ஒரே இடத்துலருந்து வருதுப்பா" என்றார். எங்களுக்குத் தெற்கே 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல், நிக்கோபாருக்குக் கிழக்கே, கடலடியில். அம்மா, நீங்கள் சொல்லும் இடமும் ஏறத்தாழ அதுதான்.

அது ஜனவரிக் கடைசி வரை நீடித்தது. 5-உம் அதற்கு மேலுமாக மட்டும் 150 வாக்கில். உலகில் கருவிகள் வைத்துப் பதிவான நிலநடுக்கக் கூட்டங்களில் இவ்வளவு வலுவானது அதற்குமுன் இல்லை என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் சொன்னது.

கூட்டம் என்று ஏன் தனியாகச் சொல்கிறோம் தெரியுமா? சாதாரணமாகப் பெரிதாக ஒன்று வரும். அதன்பின் வருபவை அதைவிடச் சிறியவை, நாளாக நாளாகக் குறையும். கோயில் மணியை அடித்துவிட்டால் ஓசை தேய்வதுபோல. கூட்டத்தில் தலைவன் கிடையாது. மணல் சட்டியில் சோளம் பொரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் ஒன்றிரண்டு, பிறகு சடசடவென்று, பிறகு ஓயும், ஓய்ந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி நாலு. எது முதல், எது பெரிது என்று சொல்ல முடியாது. உள்ளே ஏதோ ஒரு திரவம், அது பாறைக்குழம்பாகவோ சூடான நீராகவோ, விரிசல் பிடித்து நகரும்போது இப்படி வரும். பிளவு ஒன்று மெல்ல வழுக்கினாலும் இப்படி வரும்.

உங்கள் தீவுகளின் அடியில் நடப்பது இது. பூமியின் மேலோடு பெரிய பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. மேற்கே கடலடி அகழியில் இந்தியத் தட்டு வந்து நம் தீவுகளைத் தாங்கும் தட்டுக்கு அடியில் இறங்குகிறது. கடலடியில் ஊறிய தட்டு என்பதால் நீரையும் கூடவே கொண்டுபோகிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த நீர் கசிந்து மேலே இருக்கும் சூடான பாறையில் கலக்கும்போது பாறை குறைந்த சூட்டிலேயே உருகுகிறது. அந்தக் குழம்பு ஏறி வந்த இடங்கள்தான் பாரன் தீவும் நார்கொண்டம் தீவும். அது மட்டுமல்ல. தட்டு நேராக இறங்காமல் ஒருக்களித்து இறங்குகிறது. அதனால் தீவுகளுக்குக் கிழக்கே அந்தமான் கடலின் தரை பக்கவாட்டில் இழுபட்டு, சில இடங்களில் பிளந்து விரிகிறது. பிளந்த இடத்தில் குழம்பு புகச் சௌகரியம். 2005 கூட்டம் இந்தக் கிழக்குப் பக்கத்தைச் சேர்ந்தது.

ஆகவே பாரன் தீவைக் குற்றம் சொல்லாதீர்கள். அது போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர். உங்களிடமிருந்து 600 கிலோமீட்டரை ஒட்டி. அங்கே ஆள் குடியிருப்பும் இல்லை. 1991-இல் நீண்ட உறக்கம் கலைந்து எழுந்தது முதல் விட்டுவிட்டுப் புகைகிறது. 2005 மே மாதம் வெடித்தது, 2025 செப்டம்பரிலும் வெடித்தது.

சுனாமி பற்றி. கடலடித் தரை சட்டென்று பெரிய அளவில் மேலேயோ கீழேயோ நகர்ந்தால்தான் தண்ணீர் மலைபோல் கிளம்பும். அகழிப் பக்கம் ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் வழுக்கும்போது அது நடக்கும். பக்கவாட்டில் உரசிப் போகும் பிளவில் அவ்வளவு தூக்கல் இராது. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் வந்தது, எல்லோரும் மேட்டுக்கு ஓடினோம், ஆனால் பெரிய சுனாமி வரவில்லை. பக்கவாட்டு உரசல் என்பதுதான் காரணம். கிழக்குக் கடலில் வரும் கூட்டங்கள் பெரும்பாலும் பக்கவாட்டு உரசலும் இழுபட்டு இறங்குவதும்தான். 4, 5 அளவில் அவற்றால் ஊரைத் தொடும் அலை எழாது.

10 கிலோமீட்டர் ஆழம் என்று கேட்டீர்களே, நல்ல கேள்வி. பக்கத்தில் கருவிகள் குறைவாக இருந்தால் ஆழத்தைச் சரியாகக் கணக்கிட முடியாது. அப்போது மேலோட்டமான நடுக்கம் என்ற பொருளில் 10 என்று நிலையாக வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்கிடுவார்கள். அளந்து சொன்ன 10 அல்ல. எனவே, "எல்லாம் ஒரே ஆழத்தில் வருகிறது, ஏதோ நடக்கிறது" என்று யாராவது அனுப்பினால் நம்ப வேண்டாம்.

கச்சால்_மகள் பதில்:

ஐயா, உங்கள் நோட்டைப் பற்றிப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. எங்கள் தாத்தா பாட்டி சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியா வந்து, கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். நான் கச்சாலில் பிறந்தவள். சுனாமியில் தங்கச்சியும் சித்தப்பா குடும்பமும் போனார்கள்.

அந்த ஜனவரிக் கடைசியில் நாங்கள் கமோர்ட்டா தீவில் தார்ப்பாய்க் கூடாரத்தில் இருந்தோம். எனக்கு 13 வயது. உலையில் தண்ணீர் வைத்தால் கொதிக்குமுன்பே வட்டம் வட்டமாக அலை எழும். அம்மா உடனே அடுப்பை அணைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடுவாள். ஒரே ராத்திரியில் பதினொரு தடவை ஓடியிருக்கிறோம். நாலு நாள் சோறு சரியாக வேகவே இல்லை. பாட்டி கடைசியில் எழுந்திருக்க மறுத்துவிட்டாள். "ரெண்டு தடவை கடலத் தாண்டிட்டேன், இனி எங்க போறது" என்றாள்.

நாங்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். இது கடல் வரும் நடுக்கமா, வராத நடுக்கமா? யாரும் சொல்லவில்லை. வந்தவர்கள் அரிசி கொடுத்தார்கள், பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். உங்கள் நோட்டில் பதில் இருந்திருக்கிறதே ஐயா. ஏன் எங்களிடம் வரவில்லை?

பழைய_பதிவுக்காரன் பதில்:

மகளே, உன் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நோட்டு வாரம் ஒருமுறை மேலே போகும். மேலிருந்து முகாமுக்கு இறங்கும் வழி ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நானாவது வானொலி நிலையத்துக்கோ துறைமுகத்துக்கோ போய், கமோர்ட்டா போகும் கப்பலில் ஒருவரிடம் இரண்டு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். இடம் கிழக்கே, அகழிப் பக்கம் அல்ல, ஒரே புள்ளி என்று. எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். இருபது வருடமாக இந்த மாதிரி யார் கேட்டாலும் உட்கார்ந்து முழுக்கப் பதில் எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் உன் அம்மா ஓடியது சரி. அந்த நேரத்தில், அந்த இடத்தில், அதைத் தவிர வேறு எதுவும் சரியாக இருந்திருக்காது.

பிற்பாடு தெரிந்ததைச் சொல்கிறேன். கோவாவில் இருக்கும் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் கப்பலில் வந்து அந்தக் கடலடியை அளந்தபோது, நிக்கோபாருக்குக் கிழக்கே உச்சியில் வாய் திறந்த எரிமலைக் குன்றுகள் தண்ணீருக்கடியில் இருப்பதைக் கண்டார்கள். 2004 நடுக்கம் பக்கத்துப் பாறையின் இறுக்கத்தை மாற்றிவிட்டதால் அங்கே குழம்பு அசைந்து அந்தக் கூட்டம் கிளம்பியிருக்கலாம் என்று ஆய்வுகள் வந்தன. பிளவின் பங்கு எவ்வளவு, குழம்பின் பங்கு எவ்வளவு என்பதில் இன்னும் வாதம் உண்டு. 5-க்கு மேல் அத்தனை வருவதற்குக் குழம்பு மட்டும் போதுமா என்பது நியாயமான சந்தேகம். நீங்கள் உலைத் தண்ணீரில் பார்த்த வட்டம் ஒருவேளை ஒரு கடலடி எரிமலையின் அசைவு.

ஆய்வுமேசை பதில்:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2025 தொடக்கத்தில் கிரீஸ் நாட்டின் சான்டோரினியில் இதேதான் நடந்தது. அங்கேயும் ஆப்பிரிக்கத் தட்டு அடியில் இறங்குகிறது, மேலே எரிமலைத் தீவுகள், 7 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்கடியில் கொலம்போ என்ற எரிமலை. ஜனவரிக் கடைசியில் தொடங்கிச் சில வாரங்களில் 25,000-க்கு மேற்பட்ட நடுக்கங்கள். பெரியது 5.3. பள்ளிகள் மூடப்பட்டன, 11,000-க்கு மேற்பட்டோர் தீவைவிட்டுப் போனார்கள். அந்த வருடம் ஜனவரித் தொடக்கத்தில்தான் கொலம்போ மேல் கடலடிக் கருவிகளை இறக்கியிருந்தார்கள், அதனால் ஒவ்வொரு நடுக்கத்தின் இடத்தையும் ஆழத்தையும் துல்லியமாகக் குறிக்க முடிந்தது. சுமார் 30 கோடி கன மீட்டர் குழம்பு ஆழத்திலிருந்து ஏறி, கடலடிக்கு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் கீழே நின்றுவிட்டது. எரிமலை வெடிக்கவில்லை.

எதிர்ப்பக்க உதாரணம் பினாட்டுபோ, பிலிப்பைன்ஸ். 1990 ஜூலையில் லூசோன் தீவில் 7.8 நடுக்கம். 1991 வசந்தத்தில் மலைக்கடியில் சின்ன நடுக்கங்கள் கூட்டமாக வந்தன. அங்கே நடுக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கந்தக டை ஆக்சைடு மே நடுவில் நாளுக்குச் சுமார் 500 டன், மாதக் கடைசியில் 5,000-ஐத் தாண்டியது. அதைவைத்து ஆயிரக்கணக்கானவர்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள், ஜூன் 15-இல் மலை பெரிதாக வெடித்தது. நடுக்கத்தின் எண்ணிக்கை ஒன்றை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. வாயு, நிலம் உப்புவது, நடுக்கம் மேலே ஏறி வருகிறதா என்பது, இவை சேர்ந்தால்தான் பேச்சு.

ஹட்பே_ராஜா பதில்:

ஐயா, குக்கர் உதாரணத்தை வாபஸ் வாங்குகிறேன். இத்தனை வருடம் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் நாங்கள் எதைப் பார்த்து ஓடுவது, எதைப் பார்த்துச் சும்மா இருப்பது?

பழைய_பதிவுக்காரன் பதில்:

நீளத்தைப் பாருங்கள் தம்பி. கூட்டத்தில் வருவதில் டம்ளர் கிணுகிணுப்புக்குப் பின் வரும் பலமான ஆட்டம் பெரும்பாலும் சில விநாடிகளில் ஓய்ந்துவிடும். 2004-இல் காலை 6:29-க்குத் தொடங்கியது நிமிடக்கணக்கில் ஆடியது. பெரிய பிளவு முழுக்கப் பிளந்து முடிய அவ்வளவு நேரம் ஆகும், அதை மறைக்க முடியாது. நிற்க முடியாதபடி ஆடினாலோ, இருபது விநாடிக்குமேல் நீண்டாலோ, போனை எடுக்க வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம், மேடு ஏறுங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் சுனாமி எச்சரிக்கை மையத்திலிருந்து எச்சரிக்கை சில நிமிடங்களில் வரும், 2007 முதல் அந்த மையம் நன்றாக இயங்குகிறது. ஆனால் அகழி உங்கள் வாசலில் இருக்கிறது. முதல் அலை அரை மணிக்குள் வந்துவிடும், அதில் ஒரு நிமிடத்தையும் காத்திருப்பதில் செலவழிக்காதீர்கள்.

அம்மா, மகனிடம் காலணியைக் கழற்றிக் கட்டிலோரம் வாசலைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். தூங்காத பிள்ளையால் ஓட முடியாது.

தேனிக்காரி_தீவில் பதில்:

எல்லோருக்கும் நன்றி. கச்சால் சகோதரி, உங்கள் பாட்டி சொன்னதைப் படித்துவிட்டு நானும் வீட்டுக்காரரும் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

நேற்று மதியம் 4.9. மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். டம்ளர் சத்தம் கேட்டதும் சத்தமாக எண்ண ஆரம்பித்தான். 16-இல் மேசை ஆடியது. 16 எட்டு 128 என்று எழுதினான். போனில் காட்டிய புள்ளியை வரைபடத்தில் அளந்தால் 130-ஐ ஒட்டி வந்தது. இப்போது நோட்டு போட்டிருக்கிறான். இன்று காலை வரை நாலு வரி, 16, 16, 17, 16. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் அடுத்தது எப்போது என்று காத்திருக்கிறான்.

சாயங்காலம் வீட்டிலிருந்து மேட்டுக்கு நடந்து பார்த்தோம். எங்கள் மூவருக்கும் 14 நிமிடம். மாமியாருக்கு முழங்கால் வலி, அவருக்கு 23. தெருவைச் சுற்றிப் போகாமல் பின்பக்கத் தென்னந்தோப்பு வழியாகப் போனால் ஏழெட்டு நிமிடம் மிச்சமாகும், ஆனால் குறுக்கே முள்கம்பி வேலி. தோப்புக்காரரிடம் கேட்டோம். அவர் 2004-இல் இங்கேயே இருந்தவர். காரணம்கூடக் கேட்கவில்லை, வெட்டுக்கத்தரியை எடுத்துக்கொண்டு வந்து ஒரு ஆள் நுழையும் அகலத்துக்குக் கம்பியை அறுத்து இரண்டு பக்கமும் சுருட்டிக் கட்டிவிட்டார். மாமியாரை வைத்து மறுபடி நடந்தோம். 15 நிமிடம்.